வாக்கு வந்த வழி – பகுதி 6: கேம்பிரிட்ஜ் சான்றிதழும் கனமூலைக் கரையும்

1911ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கைத் தீவு முழுவதும் ஒரே தொகுதியாக நின்று வாக்களித்தது. இரண்டு வேட்பாளர்கள். ஒருவர் பொன்னம்பலம் இராமநாதன். மற்றவர் டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோ. இராமநாதனுக்கு 1,645 வாக்குகள், பெர்னாண்டோவுக்கு 981. தமிழர் ஒருவர் சிங்களவர் ஒருவரை நாடளாவிய தேர்தலில் 664 வாக்கு வித்தியாசத்தில் வென்றார் என்று பாடப்புத்தகங்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் தேர்தல் இது.

தீவு முழுவதும் வாக்களித்தது என்று எழுதும்போதே கை தயங்குகிறது. அதே ஆண்டு மார்ச்சில் எடுத்த குடிசன மதிப்பீட்டின்படி தீவின் சனத்தொகை 41,06,350. விழுந்த வாக்குகள் மொத்தம் 2,626. ஏறத்தாழ 1,560 பேருக்கு ஒரு வாக்கு. மற்ற 1,559 பேர் எங்கே இருந்தார்கள் என்பதுதான் இந்தப் பகுதியின் கேள்வி. அதைக் கொழும்பின் கறுவாத்தோட்டத்தில் இருந்து கேட்டால் ஒரு விடை வரும். புத்தளத்துக்குத் தெற்கே, மதுரங்குளியை அடுத்த கனமூலையில் நின்று கேட்டால் வேறு விடை வரும். நான் கனமூலையில் நின்றே கேட்கிறேன்.

இந்தக் கரையை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். வடக்கே புத்தளம் களப்பு. தெற்கே முந்தல் ஏரி. இரண்டையும் இணைத்து ஒல்லாந்தர் காலத்து வாய்க்கால் சிலாபம், நீர்கொழும்பு வழியாகக் கொழும்பு வரை ஓடுகிறது. உப்பளம், தென்னந்தோப்பு, மீன்பிடி ஆகியவைதான் இப்பகுதியின் பிழைப்பு. கனமூலை போன்ற ஊர்களில் தமிழ் பேசும் முஸ்லிம்கள். உடப்பில் தமிழ் இந்துக்கள். கடலோரத்தில் கத்தோலிக்க மீனவர். உள்ளே தள்ளிப் போகப்போகச் சிங்களக் கிராமங்கள். ரயில் புத்தளத்தை எட்டியது 1926இல்தான். 1911இல் கொழும்புக்குப் போக வேண்டுமென்றால் மாட்டுவண்டி, இல்லையேல் வாய்க்கால் படகு.

ஆனால் இந்தக் கரை அரசியலுக்குப் புதிதல்ல. 1833இல் கோல்புறூக் சீர்திருத்தத்தின் பேரில் சட்டநிரூபண சபை அமைந்தபோது அதில் 9 உத்தியோக உறுப்பினர், 6 உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர். அந்த ஆறில் ஐரோப்பியருக்கு மூன்று. சிங்களவர், தமிழர், பறங்கியர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. எல்லோரும் தேசாதிபதி நியமித்தவர்கள். தமிழர் ஆசனத்தில் முதலில் இருந்தவர் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார். அவர் மறைந்தபின் 1838இல் அந்த ஆசனத்துக்கு வந்தவர் எங்கள் கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி. புத்தளத்தில் மணியகாரராக இருந்தபடியே ஊர் ஊராகத் தகவல் திரட்டி 1834இல் இலங்கை முழுவதற்குமான விவரக் களஞ்சியம் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டவர். தமிழ்ப் புலவர் வரலாற்றை முதன்முதலில் அகராதி முறையில் தொகுத்த ‘தமிழ் புளூட்டார்க்’ 1859இல் வந்தது, அதுவும் இவருடையது. 1845வரை சபையில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் நடுவே கிடந்த இந்தக் களப்புக் கரையில் இருந்து ஒருவர் தீவின் தமிழர் அனைவருக்கும் பேச்சாளராகப் போனார் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

காசிச்செட்டி அமர்ந்த அதே ஆசனத்துக்கு 1879இல் வந்தார் 28 வயது இராமநாதன். அப்போது முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் இல்லை. தமிழ் பேசுவோர் என்ற கணக்கில் சோனகரும் தமிழர் பிரதிநிதியின் குடைக்குள் வந்தனர். கனமூலையில் இருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு 1880களில் சபையில் ஒரு வாய் இருந்ததென்றால் அது இராமநாதனுடைய வாய்தான். முஸ்லிம்களுக்கென்று தனி உறுப்பினர் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது அவர் அதை எதிர்த்தார். இலங்கைச் சோனகர் மொழியால், வழக்கத்தால், உடலமைப்பால் தமிழரே என்று வாதிட்டு 1888இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரை வாசித்தார். தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அதை ஏற்கவில்லை. 1889இல் முஸ்லிம்களுக்கு ஒன்று, கண்டிச் சிங்களவருக்கு ஒன்று என இரண்டு ஆசனங்கள் கூடின. முதல் முஸ்லிம் உறுப்பினர் எம். சி. அப்துல் ரகுமான். கட்டுரை எழுப்பிய வாதம் மட்டும் ஓயவில்லை, ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு நூல்வடிவில் மறுப்பு எழுதினார்.

இந்த வாதத்தின் உள்ளே இன்று இறங்கப் போவதில்லை. அது தனியாக எழுத வேண்டிய விஷயம். 1911இல் இராமநாதன் மீண்டும் மேடையேறும்போது முஸ்லிம்களோடு அவருக்கு ஏற்கெனவே ஒரு பழைய வழக்கு இருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

இனி தேர்தலுக்கு வருவோம். 1908இல் ஜேம்ஸ் பீரிஸ் குடியேற்ற நாட்டு அமைச்சுக்கு மனு அனுப்பினார். இனவாரியாக நியமிக்கும் முறையை ஒழித்துவிட்டுத் தேர்தல் வையுங்கள், பிரதேசவாரியாகப் பிரதிநிதிகளைத் தாருங்கள் என்பது அதன் சாரம். தேசாதிபதி ஹென்றி மக்கலம் கடுமையாக எதிர்த்தார். ஆங்கிலம் படித்து மேல்நாட்டு உடை உடுத்த ஒரு சிறு கூட்டம் பொதுமக்களின் பேரால் பேச உரிமை கோருகிறது. பொதுமக்களுக்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு என்பது அவர் வாதம். வாதம் தன்னலமானது. அதைச் சொன்னவரின் அரசாங்கமே பொதுமக்களுக்கு எதையும் தரத் தயாராக இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. இந்தக் கரையில் இருந்து பார்க்கும் எனக்கு அதை மறைக்க மனம் இல்லை.

குடியேற்ற நாட்டுச் செயலாளர் குரூ பிரபு நடுவழி ஒன்று கண்டார். 1910இல் வகுத்த புதிய ஏற்பாட்டின்படி சபையில் 11 உத்தியோக உறுப்பினர், 10 உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர். பத்தில் ஆறு பேர் பழையபடி நியமனம்: கரையோரச் சிங்களவர் இருவர், தமிழர் இருவர், கண்டிச் சிங்களவர் ஒருவர், முஸ்லிம் ஒருவர். நால்வர் தேர்தலில் வருவார்கள்: ஐரோப்பியர் இருவர், பறங்கியர் ஒருவர், ‘படித்த இலங்கையர்’ ஒருவர். இந்தக் கடைசி ஆசனத்துக்குத்தான் டிசம்பர் தேர்தல். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற பேதம் பாராமல் ஒரே பெயர்ப்பட்டியல். ஆனால் பட்டியலில் ஏற ஆணாக இருக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் சீனியர் போன்ற ஆங்கிலப் பரீட்சையைத் தாண்டியிருக்க வேண்டும். பட்டியல் மூவாயிரத்தைத் தொடவில்லை.

கனமூலையில் அந்தச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்த பள்ளிகள் கொழும்பிலும் கண்டியிலும் காலியிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்தன. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1823இலேயே வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கியிருந்தார்கள். அதனால்தான் சனத்தொகையில் நூற்றுக்குப் பதின்மூன்றாக இருந்த இலங்கைத் தமிழர் வாக்காளர் பட்டியலில் அதைவிட மிகப் பெரிய பங்கைப் பெற்றிருந்தனர். முஸ்லிம்களுக்கு ஆங்கிலக் கல்வி தாமதமாகவே வந்தது. சித்திலெவ்வை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ நடத்தி நெருக்கியதும், எகிப்தில் இருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷா துணை நின்றதும், 1892இல் கொழும்பு மருதானையில் பின்னாளைய ஸாஹிராக் கல்லூரிக்கு வித்திட்டன. அந்த வித்து முளைத்துப் புத்தளம் கரைக்கு நிழல் தர இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன.

அதற்காக இந்தக் கரையினர் எழுத்தறியாதவர்கள் என்று யாரும் நினைக்கக் கூடாது. ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதினார்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதினார்கள், வாசித்தார்கள், கணக்கு வைத்தார்கள், கடிதம் போட்டார்கள். அரபுத் தமிழில் மார்க்கச் சட்டம் படித்த ஒரு லெப்பையும், வணிகக் கணக்கைப் பிசகின்றி எழுதிய ஒரு மரைக்காரும் குரூ பிரபுவின் சட்டத்தின் முன்னால் ‘படியாதவர்’. இதைத்தான் நான் இந்தத் தேர்தலின் முதல் அநீதி என்பேன். கல்வியை அளவுகோலாக வைத்தது ஒன்று. எந்த மொழிக் கல்வி கல்வி என்று தீர்மானித்தது அதைவிடப் பெரியது.

கல்வியைக் காட்டி வாக்கை மறுக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. இங்கே புதிய சபை கூடிய 1912ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா தன் ஜனாதிபதியைத் தேர்ந்தது. உட்ரோ வில்சன் 40 மாநிலங்களைப் பிடித்து 435 தேர்வாளர் வாக்குகளோடு வென்றார். அவற்றில் தென் கரோலினா என்ற ஒரே ஒரு மாநிலத்தை மட்டும் பாருங்கள். மக்கள்தொகை 15 லட்சம். அதில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். விழுந்த வாக்குகளோ சுமார் 50,000தான். அதில் நூற்றுக்கு 95க்கு மேல் வில்சனுக்கே. இவ்வளவு ஒருமித்த தீர்ப்பு எப்படி வந்தது? 1895இல் அந்த மாநிலம் தன் அரசியலமைப்பைத் திருத்தி எழுத்தறிவுச் சோதனையைப் புகுத்தியது. சோதிப்பவர் வெள்ளையர், தேர்ச்சியும் தோல்வியும் அவர் வாயில். லூசியானா மாநிலத்தில் 1896இல் பதிவாகியிருந்த கறுப்பின வாக்காளர் 1,30,334, 1904இல் 1,342. அங்கே ஏற்கெனவே இருந்த உரிமையைப் பிடுங்கினார்கள். இங்கே இல்லாத உரிமையைச் சிட்டிகை சிட்டிகையாகக் கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றல்ல, ஆனால் வாசலில் நின்று பரீட்சைத்தாள் கேட்ட காவலன் ஒருவனே.

வேட்பாளர் இருவரையும் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். இராமநாதன் 1892முதல் 1906வரை சொலிசிட்டர் ஜெனரல். ஓய்வுபெறும் காலத்தில் அமெரிக்கா சென்று சமயச் சொற்பொழிவு ஆற்றியவர். தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டு சைவ சாதனையில் ஆழ்ந்திருந்தவர். வயது அறுபது. மார்க்கஸ் பெர்னாண்டோ இங்கிலாந்தில் மருத்துவம் படித்து மேலெழுந்த மருத்துவர். தீவின் மிகப் பெரிய செல்வந்தர் சார்ள்ஸ் டி சொய்சாவின் மருமகன். கல்வி, செல்வம், வயது எதைப் பார்த்தாலும் அந்த ஆசனத்துக்கு ஏற்றவர். அவர் சிங்களவர், பட்டியலில் பெரும்பான்மையும் சிங்களவர். பின் ஏன் தோற்றார்?

சாதி. அவர் கராவ சாதிக்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாராயக் குத்தகை, தோட்டம், காரீயச் சுரங்கம் இவற்றால் கராவக் குடும்பங்கள் செல்வத்தில் உயர்ந்தன. உயர்ந்த பின் பதவி கேட்டன. கரையோரச் சிங்களவரின் நியமன ஆசனத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் உறவுவட்டத்துக்குள் வைத்திருந்த கொவிகம முதலிக் குடும்பங்களுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு கராவர் படித்த இலங்கையரின் முதல் பிரதிநிதியாவதைவிட, தங்களைப் போன்றே வேளாண் உயர்குலத்தில் வந்த தமிழர் ஒருவர் வருவது மேல் என்று அவர்களில் பலர் முடிவெடுத்தார்கள். வெள்ளாளரும் கொவிகமவும் மொழியைத் தாண்டிக் கைகோத்தார்கள். தமிழர் வாக்குகள் இராமநாதனுக்குத் திரண்டன, கொவிகம வாக்குகள் சேர்ந்தன, 1,645 ஆயிற்று.

இதை இன ஒற்றுமையின் பொற்காலம் என்று எழுதுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. இராமநாதனின் ஆற்றலைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சபைக்கு அவரைவிடத் தகுதியான பேச்சாளர் அன்று தீவில் இல்லை என்றே நினைக்கிறேன். சிங்கள வாக்காளர்கள் தமிழர் ஒருவரை ஏற்கத் தயங்கவில்லை என்பதும் உண்மை. அதில் ஒரு பெருந்தன்மை கலந்திருந்ததையும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கை நீண்டது மேல்சாதியில் இருந்து மேல்சாதிக்கு. கரையில் வலை இழுத்த கராவரும், களப்பில் படகு தள்ளிய முஸ்லிமும், உப்பளத்தில் சுமந்த கூலியாளும் அந்த ஒற்றுமையின் கணக்கில் வரவில்லை. பெண்களைப் பற்றிப் பேச்சே எழவில்லை. இராமநாதனே இரண்டு ஆண்டு கழித்து, 1913இல், பெண்களுக்கென்று மருதனார்மடத்தில் கல்லூரி கட்டினார். கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேறினாலும் அந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாக்கு இல்லை.

முஸ்லிம்களுக்கு நியமன உறுப்பினர் ஒருவர் இருந்தார் அல்லவா என்று கேட்கலாம். இருந்தார், 1900முதல் டபிள்யூ. எம். அப்துல் ரகுமான். ஆனால் அவரைத் தேர்ந்தவர் தேசாதிபதி. கனமூலைக்காரர் அவருக்கு மனுக்கொடுக்கலாம். அவரை மாற்ற முடியாது.

நான்கு ஆண்டுகளில் படித்த இலங்கையர் ஆசனத்தின் பொருள் என்ன என்பது சோதனைக்கு வந்தது. 1915 மே மாத இறுதியில் கண்டியில் சிங்கள–முஸ்லிம் கலவரம் வெடித்து மேல் மாகாணத்துக்கும் வடமேல் மாகாணத்துக்கும் பரவியது. முஸ்லிம்கள் 25 பேர் கொல்லப்பட்டார்கள். 4,075 கடைகள் சூறையாடப்பட்டன. 17 பள்ளிவாசல்கள் எரிந்தன. 86 பள்ளிவாசல்கள் சேதமாயின. அரசாங்கம் இராணுவச் சட்டம் போட்டுச் சிங்களவர்மீது மூர்க்கமாகப் பாய்ந்தது. இளைஞர் ஹென்றி பெத்ரிஸ் ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கின்றிப் பலர் உயிரிழந்தார்கள். சிங்களத் தலைவர்கள் சிறையில் கிடந்தார்கள். படித்த இலங்கையரின் ஒரே உறுப்பினர் சபையில் எழுந்து நின்று அரசாங்கத்தைக் கிழித்தார். லண்டன் போய் மேலிடத்தில் முறையிட்டார். அங்கேயே 1916இல் கலவரத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றி நூல் வெளியிட்டார். திரும்பி வந்தபோது சிங்களவர் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவருடைய வண்டியைத் தாங்களே இழுத்துச் சென்றார்கள்.

அரசாங்கத்தின் அட்டூழியத்தை எதிர்த்து அவர் காட்டிய துணிச்சலை நான் தலைவணங்கி ஏற்கிறேன். அதிகாரத்தின் உச்சத்தில் இருந்தவர்களிடம் முகத்துக்கு நேரே பேசும் மனிதர் எல்லாக் காலத்திலும் குறைவு. ஆனால் எரிந்த பள்ளிவாசலின் முன் நின்ற முஸ்லிமுக்கு அந்த முழக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. தன் வாக்காளர்களுக்காக அவர் பேசினார். அந்த வாக்காளர் பட்டியலில் கொழும்புச் சிங்கள வழக்கறிஞர் இருந்தார். சூறையாடப்பட்ட சிறுகடைக்காரர் இல்லை. முஸ்லிம் சமூகத்தில் அன்று ஊன்றிய கசப்பு, தமிழ்த் தலைமை நமக்காகப் பேசாது என்ற முடிவாக இறுகியது. பட்டியலில் பெயர் உள்ளவருக்குத்தான் பிரதிநிதி இருப்பார் என்பதை 1915 அவர்களுக்குக் கற்பித்தது. இராமநாதன் அடுத்த தேர்தலிலும் ஜே. எஸ். ஜயவர்தனவைத் தோற்கடித்து அதே ஆசனத்தில் அமர்ந்தார்.

1920களின் ஏற்பாடுகளை விரைவாகக் கடந்துவிடலாம். தேசாதிபதி மானிங் காலத்தில் சபை இருமுறை விரிந்தது. படித்த இலங்கையர் ஆசனம் போய்ப் பிரதேசத் தொகுதிகள் வந்தன. சொத்தும் வருமானமும் எழுத்தறிவும் தகுதிகளாயின. தமிழருக்கும் சிங்களவருக்கும் இடையே 1921இல் மேல் மாகாணத் தமிழர் ஆசனத்தைப் பற்றிய சண்டை மூண்டு, இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவராக 1919இல் அமர்ந்த பொன்னம்பலம் அருணாசலம் அதைவிட்டு வெளியேறினார். 1924 சபையில் முஸ்லிம்களுக்கு மூன்று ஆசனங்கள். மூன்றும் முஸ்லிம் வாக்காளரே தேர்ந்தவை. மாக்கான் மாக்கார், என். எச். எம். அப்துல் காதர், டி. பி. ஜாயா மூவரும் வந்தார்கள். ஆனாலும் தீவின் மக்களில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் வாக்கு.

அப்போதுதான் டொனமூர் பிரபு வந்தார். 1927 நவம்பரில் இறங்கிய அவருடைய ஆணைக்குழு 1928இல் வெளியிட்ட அறிக்கை, இலங்கைத் தலைவர்களில் பெரும்பாலோர் கேட்டிராத ஒன்றைச் சிபாரிசு செய்தது: எழுத்தறிவோ சொத்தோ பாராமல் எல்லோருக்கும் வாக்கு. ஆண்களுக்கு 21 வயது, பெண்களுக்கு 30 என்று ஆணைக்குழு எழுதியதைப் பின்னர் இருவருக்கும் 21 என்று மாற்றினார்கள். 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைத்து ஆணைக்குழுவின் முன் சாட்சியம் சொன்ன கொழும்புப் பெண்களுக்கு அதில் பங்கு உண்டு. பிரிட்டனே பெண்களுக்கு ஆணுக்குச் சமமான வாக்கை 1928இல்தான் கொடுத்திருந்தது. ஆசியாவில் எந்தக் குடியேற்ற நாட்டிலும் இல்லாதது இது.

நம் தலைவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. இராமநாதன் எதிர்த்தார். படியாதவர் கையில் ஆட்சியைக் கொடுப்பதா என்று கேட்டவர்கள் சிங்களத் தலைவரிலும் இருந்தனர். சட்டநிரூபண சபையில் 1929 டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தபோது 19 பேர் ஆதரித்தார்கள், 17 பேர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் சிறுபான்மை உறுப்பினர்கள். இரண்டே இரண்டு வாக்கு வித்தியாசத்தில் டொனமூர் அரசியலமைப்பு கரையேறியது. முஸ்லிம் உறுப்பினர்களின் அச்சம் வெறும் சுயநலமல்ல. டொனமூர் குழு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை அடியோடு நீக்கிவிட்டது. தீவெங்கும் சிதறி வாழ்ந்த முஸ்லிம்கள் எந்தத் தொகுதியில் பெரும்பான்மையாக இருக்க முடியும்? 1930 நவம்பரில் இராமநாதன் மறைந்தார். தான் எதிர்த்த தேர்தலை அவர் பார்க்கவில்லை.

1931 ஜூன் 13முதல் 20வரை தேர்தல். வாக்காளர் தொகை 15 லட்சத்துக்கும் மேல். இருபது ஆண்டுக்கு முன் மூவாயிரம் பேர் இருந்த இடத்தில்! எழுதப்படிக்கத் தெரியாதவரும் வாக்களிக்க வேண்டுமே. அதற்காக வேட்பாளருக்கு ஒரு நிறம் என்று ஒதுக்கினார்கள். வாக்குச்சாவடிக்குள் நிறம் பூசிய பெட்டிகள் இருக்கும். வாக்காளர் தனக்கு வேண்டியவரின் நிறப்பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வருவார். கேம்பிரிட்ஜ் சான்றிதழ் இருந்த இடத்தில் ஒரு பெட்டியும் ஒரு நிறமும். இந்த மாற்றத்தின் அளவை நாம் இன்னும் முழுதாக உணரவில்லை என்பது என் எண்ணம். கனமூலையில் களப்பு மண்ணைக் காலில் அப்பிக்கொண்டு வந்த ஒருவருக்கும் புத்தளத்துக் கச்சேரியில் உட்கார்ந்திருந்தவருக்கும் சட்டத்தின் முன் ஒரே ஒரு சீட்டு. முக்காடிட்ட பெண்ணுக்கும் அதே ஒரு சீட்டு. அவள் கணவனுடையதைவிட அது சிறியதும் அல்ல, பெரியதும் அல்ல. ஆயிரம் ஆண்டு வாழ்ந்த இந்தக் கரையில் அவளிடம் இதற்கு முன் எவரும் உன் எண்ணம் என்ன என்று அரசாங்கத்தின் பேரால் கேட்டதில்லை.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு. பூரண சுயராச்சியம் கிடைக்காத அரசியலமைப்பு வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை நான்கு தொகுதிகளிலும் வேட்புமனு விழவில்லை. 1934வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. கொள்கையில் அந்த இளைஞர்களை நான் மதிக்கிறேன். தீவில் அன்று முழுச் சுதந்திரத்தை முதலில் கேட்டவர்கள் அவர்கள். ஆனால் வாக்குச்சீட்டே இப்போதுதான் கைக்கு வந்த ஒரு கிராமத்துக்கு, அதைப் பயன்படுத்தாமல் வை என்ற அறிவுரை எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கிறேன். வட்டுக்கோட்டைச் செமினரி நூறு ஆண்டு முன்னரே வந்த மண்ணுக்குப் புறக்கணிப்பு ஓர் அரசியல் மொழி. களப்புக் கரைக்கு வாக்கே முதல் மொழி.

தேர்ந்தெடுக்கப்பட்ட 50 பேர், நியமிக்கப்பட்ட 8 பேர், அரசாங்க அதிகாரிகள் மூவர் என 61 பேர் கொண்ட அரசாங்க சபை கூடியது. அயலூர்ச் சிலாபம் கிளோட் கொறெயாவை அனுப்பியது. ஐந்து ஆண்டு கழித்துத் தொழில் அமைச்சரானார். முஸ்லிம்களில் தேர்தலில் வென்று வந்தவர் ஒருவர்தான்: மட்டக்களப்புத் தெற்கில் இருந்து மாக்கான் மாக்கார். தீவின் சனத்தொகையில் நூற்றுக்கு ஆறேழு பேர் முஸ்லிம்கள். அந்த விகிதத்தில் 50க்கு மூன்று வர வேண்டும். 1924இல் மூன்று இருந்தது. வாக்கு ஒருசிலரிடம் இருந்தபோது மூன்று பேர், எல்லோரிடமும் வந்தபின் ஒருவர். சபையில் எதிர்த்து வாக்களித்தவர்கள் பயந்தது நடந்தது.

இந்த இரண்டையும் ஒன்றாகத் தாங்கிக்கொள்வது எளிதல்ல. கனமூலைப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்த அதே சட்டம், அவள் சமூகத்தின் ஆசனத்தை எடுத்துக்கொண்டது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும் வரலாறுகளை நிறையப் படித்துவிட்டேன். டொனமூரை வாழ்த்துபவர்கள் ஆசனத்தைப் பேசுவதில்லை. டொனமூரைத் தூற்றுபவர்கள் அந்தப் பெண்ணைப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், 1911இன் 1,645 வாக்கைவிட 1931இல் அவள் பெட்டியில் போட்ட ஒற்றைச் சீட்டுத்தான் இந்தத் தீவின் தேர்தல் வரலாற்றின் உண்மையான தொடக்கம். ஆசனத்தின் கணக்கைச் சரிசெய்ய வேறு வழிகள் இருந்தன. தொகுதி எல்லையை வரையும்போது சிதறி வாழும் மக்களைக் கவனித்து வரைவது அதில் ஒன்று. 1940களில் சோல்பரி ஆணைக்குழு அந்த வழியில்தான் போனது. வாக்கையே மறுப்பதுதான் தீர்வு என்று 1929இல் வாதிட்டவர்கள் அந்த வழிகளைத் தேடிப் பார்க்கவில்லை.

1936இல் நிலைமை இன்னும் இறுகியது. இரண்டாம் அரசாங்க சபைக்கு ஒரு முஸ்லிம்கூடத் தேர்தலில் வரவில்லை. டி. பி. ஜாயாவும் ஏ. ஆர். ஏ. ராசிக்கும் நியமனத்தில் உள்ளே போனார்கள். இனவாரி நியமனம் என்ற பழைய கதவு, பெயரளவில் ஒழிந்த பின்னும், அவர்களுக்காக மீண்டும் திறக்க வேண்டியிருந்தது. அதற்கு இருபது ஆண்டு கழித்து, 1956இல், புத்தளம் தொகுதியின் உறுப்பினர் எச். எஸ். இஸ்மாயில் நாடாளுமன்றத்தின் சபாநாயகர் கதிரையில் அமர்ந்தார். நிறப்பெட்டிகள் போய்ச் சின்னங்கள் வந்த 1947 தேர்தலும், தொகுதி எல்லைகள் புதிதாக வரையப்பட்ட கதையும், இந்தக் கரை எப்படி ஒரு முஸ்லிம் உறுப்பினரைத் தன் வாக்கால் அனுப்பக் கற்றது என்பதும் அடுத்த பகுதியில்.